கைப்பிடி இல்லாத இருக்கை

தம்பி,

பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிட்டாய். தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்க்கிறவன் மாதிரி. "உக்காந்து சாப்பிடுறதுக்கு என்னடா, மெட்ராஸ்ல எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடுறாங்களா?" என்று அப்பா கேட்டதற்கு, "பஸ்ல உக்காந்தே வந்தேன்லப்பா, கால் மரத்துப்போச்சு" என்றாய். அவர் நம்பிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளும் நின்றாய். அதற்கு மறுநாள் கறிக்குழம்புக்கும் நின்றாய். கறிக்குழம்புக்கு உட்காராத பிள்ளையை நான் பெறவில்லை என்று அப்போதே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில்தான் வாயைத் திறந்தாய். உள்ளே ஏறி, பெட்டியை மேலே வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்து, "இந்த சீசனோட நிறுத்திக்கலாம்னு இருக்கேம்மா. முதுகு தாங்கல. விரல் மரத்துப்போவுது. திருச்சியில சித்தப்பா கடைக்கே போயிடுறேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் வந்தார். "என்னக்கா, தம்பியப் பிரிய மனசு வல்லையா? பத்திரமாக் கொண்டுபோயி எறக்கிடுறேன், தள்ளி நில்லுங்க" என்றார். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவளை உனக்கு அக்காவாக்கிவிட்டார். நீயும் திருத்தவில்லை, சிரித்துக்கொண்டே போனாய். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. ஆனால் சொன்ன சேதி நன்றாக இல்லை.

மேடையில் கீபோர்டு வாசிப்பதா விடுவதா என்பது உன் முடிவு. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் அந்த முடிவுக்குள் ஒரு நாற்காலி நுழைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். அந்த நாற்காலியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உன் அறையில் இருக்கும் கிதார் பிள்ளையும் டிரம்ஸ் பிள்ளையும் சேர்ந்து படிக்கட்டும். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை, அவர்களுக்கும் முதுகு உண்டு.

நீ காட்டிய கல்யாண வரவேற்புப் படத்தில் எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். கோட்டு போட்டிருக்கிறாய், தலை வாரியிருக்கிறாய், உன் அப்பாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. நான் உன் இடுப்புக்குக் கீழே பார்த்தேன். பந்தல்காரர் வாடகைக்கு விடும் இரும்பு மடக்கு நாற்காலி. அதன் மேல் ஒரு தலையணை, அதன் மேல் இன்னொன்று. தோள் இரண்டும் காதைத் தொடப் போவதுபோல் உயர்ந்திருக்கின்றன. வலது கால் வால்யூம் பெடலில், இடது கால் நாற்காலியின் குறுக்குக் கம்பியைச் சுற்றிக்கொண்டு. "இது யார் கொடுத்த நாற்காலி?" என்று கேட்டேன். "பெரியவங்கல்லாம் உக்காந்த பிறகு மிச்சம் இருக்கறத நான் எடுத்துக்குவேம்மா, நாந்தானே சின்னவன்" என்றாய். வயலின்காரர் ஐயா முதலில், பாடகர்கள் அடுத்து, தபேலாக்காரருக்கு அவருடைய ஜமக்காளம், கடைசியில் நீ. அதை நீ சொன்ன விதத்தில் ஒரு பெருமை கூட இருந்தது. பெரியவர்களை மதிக்கிற பிள்ளை என்று நாங்கள் வளர்த்த வளர்ப்பு அது. அந்த வளர்ப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே வளர்ப்போடு நானும் ஒருமுறை ஒரு நாற்காலியில் மாட்டிக்கொண்டேன். அதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

அப்போது நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். நம் காரைக்கால் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை முடிந்து வந்ததும் உன் அப்பா மேண்டலினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மெல்லிசைக் குழு என்று பேர், ஆனால் பாதிப் பேருக்கு அது சாயங்காலத்து விளையாட்டுதான். எனக்கு ஆர்மோனியம் தெரியும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தரையில் சம்மணமிட்டு வாசித்துப் பழகியவள் நான். இபுராகீம் நானா சிங்கப்பூரிலிருந்து எலெக்ட்ரிக் ஆர்கன் கொண்டுவந்து இறக்கியதும்தான் எல்லாம் மாறியது. அவர் சபுராளி, கப்பலேறிப் போய் வியாபாரம் பார்த்துவிட்டு வருகிறவர். பாட்டென்றால் உயிர். "நம்மூரு ஆளுக வாசிக்கட்டுமே" என்று எங்கள் குழுவுக்கே அதைக் கொடுத்துவிட்டார். நான்கு காலும் திருகி மாட்டுகிற மாதிரி. சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. தரையில் உட்கார்ந்தால் எட்டாது. நாற்காலி வேண்டும். அந்த நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆர்கன் வந்துவிட்ட சந்தோஷத்தில் அதை வாசிக்கிறவளுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது எனக்கே நினைவில்லை.

அந்த ஆர்கனோடு எங்கள் முதல் பெரிய கச்சேரி நானாவின் மகள் கல்யாணத்தில். வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். அசர் தொழுகை முடிந்ததும் தொடங்கி, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு நிறுத்தி, தொழுதுவிட்டு எல்லோரும் வந்ததும் மறுபடி தொடங்கி, கடைசிப் பந்தி எழும்வரை வாசிக்க வேண்டும். உன்னை வரிச்சிக்குடியில் மல்லிகா அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மேடை ஏறிப் பார்க்கிறேன், ஆர்கனுக்குப் பின்னால் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. சிங்கத்தலை செதுக்கிய கைப்பிடி, சிவப்பு வெல்வெட் மெத்தை, என் தலைக்கு மேலே ஒரு முழம் உயர்ந்த சாய்மானம். நானா கீழே நின்றுகொண்டு, "உக்காருங்க தங்கச்சி. எங்க வாப்பா சைகோன்லேந்து கொண்டாந்த நாற்காலி. நம்ம வூட்டுக்குப் பெரிய மனுசங்க யாரு வந்தாலும் இதுலதான் உக்கார வைப்போம்" என்றார். ஆர்கனைக் கொண்டுவந்து கொடுத்தவர், அதை வாசிக்க வந்த பெண்ணுக்குத் தம் வீட்டிலேயே உயர்ந்த இருக்கையைப் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் கல்யாண வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் உட்காராமல் வேறு இடம் கேட்பவரை நீ பார்த்திருக்கிறாயா? உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்றா சொன்னேன், புதைந்தேன். மெத்தை என்னை விழுங்கிவிட்டது. கட்டைகள் என் நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டன. சிங்கத்தலைகள் முழங்கையை உள்ளே வரவிடவில்லை, அதனால் இரண்டு கையையும் சிறகுபோல் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். இடது கைப் பக்கம் கீழ்ச் சுரங்களுக்குப் போகும்போதெல்லாம் வளையல் சிங்கத்தின் மூக்கில் மோதி 'ணங்' என்றது. தபேலா வாசித்த சுந்தரம் கொஞ்ச நேரம் அதையே தாளத்தில் சேர்த்துக்கொண்டான். பெடலுக்கு என் கால் நுனி மட்டுமே எட்டியதால் சத்தம் தானாக ஏறும், தானாக இறங்கும். மாடி ஜன்னல்களில் இருந்த பெண்கள் அதை ஏதோ புதுப் பாணி என்று நினைத்து ரசித்தார்கள். நாலைந்து பாட்டு போனதும் தோளிலிருந்து சுண்டுவிரல் வரை எறும்பு ஊர ஆரம்பித்தது. பிறகு எறும்பும் போய், விரல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலை. பாட்டுக்கு நடுவே சுந்தரம் என் பக்கம் சாய்ந்து, "அண்ணி, வாசிக்கிறீங்களா, மாவாட்டுறீங்களா?" என்றான்.

அது கேலி. அதற்குச் சிரித்துவிட்டேன். அடுத்து உன் அப்பாவிடம் அவன் சொன்னதுதான் சுருக்கென்றது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாகப்பட்டினத்துல எம்மச்சான் இருக்கான், ஆர்கன் வாசிப்பான். ஆம்பள, நாள் பூரா உக்காருவான். அண்ணிய ஏன் கஷ்டப்படுத்திக்கிட்டு?" உன் அப்பா மேண்டலின் தந்தியைத் திருகுவதுபோல் குனிந்துகொண்டார். அவர் மனது எனக்குத் தெரியும். ஊரில் நாலு பேர் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள், பொம்பளையை ஏன் மேடையில் ஏற்றுகிறாய் என்று. இன்றைக்கு நான் பாதியில் கையை எடுத்தால், அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு ஆர்கனைத் தூசி துடைக்க மட்டும்தான் தொடுவேன். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. என்னால் முடியவில்லை என்று நானே நினைக்க ஆரம்பித்திருந்ததுதான் வேடிக்கை. என் உடம்புதான் ஆகாத உடம்பு, ஆணாக இருந்தால் தாங்கியிருக்கும் என்று. நாற்காலியின் மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. அவ்வளவு உயர்ந்த நாற்காலி!

மஃரிப் பாங்கு சொன்னதும் கச்சேரி நின்றது. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நானாவின் மனைவி ஜுலைகா லாத்தா என்னை உள்ளே அழைத்துப்போய்த் தேநீரும் வட்டலப்பமும் கொடுத்தார். விரல் மடங்காததால் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிப் பிடித்தேன். "என்னம்மா, பயமா?" என்று கேட்டார். "இல்ல லாத்தா, நாற்காலி" என்றேன். அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! "அந்தச் சிங்கத்துலயா ஒன்ன உக்கார வெச்சாஹ? நா வாக்கப்பட்டு வந்த நாள்லேந்து அதுல உக்காந்ததில்ல. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும்!" அறையில் தையல் மிஷின் இருந்தது. கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு அப்போதுதான் கொக்கி வைத்து முடித்திருந்தார்கள். நிற்க முடியாமல் மிஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாதாரண மர ஸ்டூல், மேலே மடித்த போர்வை ஒன்று. உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. தோள் இறங்கியது. மிஷின் பலகையின் மேல் விரல்களை வைத்துச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். முழங்கை பலகைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கியது, எதுவும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரலுக்கு உயிர் வந்தது. எனக்கும் வந்தது. நான் பாட்டுக்கு அந்த மரப்பலகையில் ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துவிட்டேன். லாத்தா தலையைச் சாய்த்து, கேட்காத பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ இத" என்றார். "ஆனா அஹகிட்ட நீதான் கேக்கணும். நா சொன்னா, ஒனக்கு என்னடி தெரியும் கச்சேரியப் பத்திம்பாஹ."

தொழுகை முடிந்து நானா வந்தார். கூடவே மாப்பிள்ளையின் வாப்பா, நாகூர்க்காரர், நல்ல பருமன், வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. அவர்களுக்குப் பின்னால் உன் அப்பா. நான் ஸ்டூலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். அதுவரை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் நானாக எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டியதை உன் அப்பாவிடம் சொல்வேன், அவர் கேட்பார். இதை அவரிடம் சொல்லி அவர் கேட்டால் நாகப்பட்டினத்து மச்சான்தான் வருவான் என்று தோன்றியது. "நானா, இந்த ஸ்டூலைப் போட்டுக்கிட்டு வாசிக்கிறேன்" என்றேன்.

நானாவின் முகம் சுருங்கிவிட்டது. "தையக்கார ஸ்டூல்லயா? மாப்புள வூட்டு ஆளுக பாத்தா என்ன நெனப்பாஹ தங்கச்சி? காரக்காக்காரன் வூட்ல ஒரு நாற்காலிக்கு வக்கில்லன்னு சொல்ல மாட்டாஹளா? அந்த நாற்காலிக்கு என்ன கொற?"

"அதுக்கு ஒரு கொறயும் இல்ல நானா. அது பெரிய மனுசங்க வந்து சாஞ்சு உக்கார்ற நாற்காலி. எனக்கு அங்க வேலை இருக்கு."

உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பாதி பயம், பாதி வேறொன்று. அந்த இரண்டாவது பாதி எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தைரியத்தில் இன்னொன்றும் சொன்னேன்: "மாப்பிள்ளையோட வாப்பாவையே அதுல உக்கார வையுங்க நானா. மேடையிலேயே, எங்க பக்கத்துல."

நாகூர்க்காரர் பதறினார். "நம்மளுக்குப் பாடத் தெரியாதே!"

"நீங்க பாட வேணாம். கேட்டாப் போதும்."

அவர் நானாவைப் பார்த்தார், நானா அவரைப் பார்த்தார். மேடை மேல், எல்லோருக்கும் முன்னால், சைகோன் நாற்காலியில் மாப்பிள்ளையின் தகப்பனார். அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? நானாவின் முகம் விரிந்துவிட்டது. "ஏறுங்க மச்சான்!" என்று அவரே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மாடி ஜன்னலிலிருந்து லாத்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வாசித்ததை நான் எப்படி எழுதுவது? கை ஒரு தடவை கூட நினைவுக்கு வரவில்லை. அப்படி வாசிக்கிறபோது உடம்பு எங்கே போகிறது என்று தெரியாது. பாட்டு மட்டும் இருக்கிறது. சுந்தரம் வேகத்தைக் கூட்டினான், நான் கூடவே போனேன். இன்னும் கூட்டினான், இன்னும் போனேன். அவன் வியர்த்துக்கொண்டே சிரித்தான். நாகூர்க்காரர் நாலு பாட்டுவரை தலையாட்டினார். ஐந்தாவது பாட்டில் சிங்கத்தலை மேல் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார். மைக் பக்கத்தில் இருந்ததால் குறட்டை பந்தல் முழுக்கக் கேட்டது. சுந்தரம் குனிந்து, "அண்ணி, உங்க பழைய நாற்காலி நல்லா சுதி சேக்குது" என்றான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பை அடக்கியதுதான் மிகப் பெரிய கஷ்டம். நாகப்பட்டினத்து மச்சான் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அந்த நாற்காலி எதற்குச் சுகமான நாற்காலி என்பதை அந்த நல்ல மனிதர் தூங்கியே காட்டிவிட்டார். தம்பி, சுகம் என்றால் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கேட்கிறவருக்கு ஒரு சுகம், வாசிக்கிறவருக்கு வேறு சுகம். வாசிக்கிறவருடைய சுகத்தில் மெத்தைக்கு அவ்வளவு பங்கு இல்லை.

லாத்தாவின் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு எனக்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டு நான் ஊரெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். நூலகத்தில் உடம்பைப் பற்றி இருந்த புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படித்தேன். லாரி ஓட்டுகிறவர் எப்படி உட்கார வேண்டும், தட்டச்சு செய்கிறவர் எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் இருந்தது. புடவை கட்டிக்கொண்டு கல்யாணப் பந்தலில் ஆர்கன் வாசிக்கிறவளைப் பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை. ஆகவே யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கிற நாற்காலி, ஸ்டூல், பெஞ்சு எல்லாவற்றிலும் மாறி மாறி உட்கார்ந்து, காற்றில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். வரிச்சிக்குடியில் மல்லிகா அத்தையின் பக்கத்து வீட்டுக்காரி, "ஒங்க அண்ணிக்கு ஏதும் காத்து கருப்பு பட்டுடுச்சா?" என்று ரகசியமாகக் கேட்டாளாம். அத்தை சும்மா இருப்பாரா? "அதெல்லாம் இல்லடி. எங்க அண்ணி நாற்காலிக்கு மாப்புள பாக்குறாங்க" என்றாராம். உன் அப்பா முடிவெட்டப் போன இடத்தில் ஏறி இறங்கும் சுழல் நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். உயரம் பிரமாதம். ஆனால் அதற்கும் கைப்பிடி.

கடைசியில் நாங்களே சொல்லிச் செய்த ஸ்டூலில் முதல் கச்சேரி நெரவியில். அறுவடை முடிந்த வயலில் மேடை. இரண்டு டிராக்டர் பெட்டிகளைச் சேர்த்து நிறுத்தி, மேலே பலகை பரப்பியிருந்தார்கள். ஸ்டூல் அருமை, ஆனால் ஒரு பாட்டின் நடுவில் அதன் கால் ஒன்று பலகை இடுக்கில் இறங்கிவிட்டது. விழாமல் எழுந்துவிட்டேன். நிறுத்தவும் முடியாது, பாடகர் சரணத்தில் இருக்கிறார். மிச்சப் பாட்டை நின்றுகொண்டே வாசித்தேன். கூட்டம் விசில் அடித்தது. அடுத்த பாட்டுக்கு உட்கார்ந்ததும், "யக்கா, நின்னு வாசிங்க! நின்னு வாசிங்க!" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். அதிலிருந்து ஸ்டூலுக்கு அடியில் போட ஒரு பலகையும் கூடவே வரும். ரெக்சின் உறை போட்டுப் பார்த்தோம், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது புடவையோடு ஒட்டிக்கொண்டது. எழுந்தால் கூடவே எழுந்தது. பிறகு ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டதுதான் நிலைத்தது.

இதையெல்லாம் சிரிக்க மட்டும் சொல்லவில்லை. உன் படத்தை மறுபடி எடுத்துப் பார். நாற்காலி தாழ்வு என்று தெரிந்துதான் தலையணையை வைத்திருக்கிறாய். இலவம்பஞ்சு முதல் பாட்டில் உயரமாக இருக்கும், பத்தாவது பாட்டில் இருக்காது. கச்சேரி போகப் போக நீ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறாய், உன் தோள் அதற்கேற்ப ஏறிக்கொண்டிருக்கிறது. உயரம் வேண்டுமென்றால் கெட்டியான பலகையால் உயர்த்து. முழங்கை கட்டைகளுக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை மேலாகவோ தொங்க வேண்டும். கை வைக்கும் இடம் எதுவும் இருக்கக் கூடாது. இருக்கையின் முன் பாதியில் உட்கார், பின்னால் இருக்கும் சாய்மானம் பாட்டுக்கு இடையில் மட்டும். ஒரு கால் பெடலில் இருக்கும்போது உடம்பின் பாரம் மற்றக் காலில்தான் நிற்கும், அந்தக் கால் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தால் பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். உன் வலி அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தால் எழுந்துவிடு, வெட்கப்படாதே. நான்கு ஐந்து மணி நேரத்துக்கு எந்த இருக்கையும் சரியான இருக்கை இல்லை. நடுநடுவே எழுந்திருப்பதும் உட்காருவதில் சேர்த்திதான். இன்னொன்று, வெறுமனே உட்கார்ந்து பார்த்து எந்த நாற்காலியையும் எடுக்காதே. உட்கார்ந்து, வாசித்துப் பார்த்து எடு. சைகோன் நாற்காலி கூட வெறுமனே உட்காருவதற்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்டூல் செய்து அனுப்பட்டுமா என்று அப்பா கேட்டார். அளவு கூட எடுத்துவிட்டார். இரண்டு நாளாக முழங்காலுக்குக் கீழே நூலைப் பிடித்துக்கொண்டு அலைகிறார், உன் கால் அவர் கால் மாதிரியாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாங்கள் அனுப்பினால் நீ அதை வாங்கிக்கொள்வாய். மேடைக்கும் கொண்டுபோவாய். அங்கே யாராவது ஒரு பெரியவர், "இது நல்லாருக்கே தம்பி" என்று உட்கார்ந்துவிட்டால், உனக்கு மறுபடி மிச்சம் இருப்பதுதான். ஸ்டூல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். அதை உனக்கென்று கேட்பதை நான் அனுப்பிவைக்க முடியாது.

உன் குழுத் தலைவர் கோபக்காரர் என்று சொன்னாய். இருக்கட்டும். வயலின்காரர் ஐயா என்ன நினைப்பாரோ என்று யோசிக்கிறாய். யோசி. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? ஐயா தம் நாற்காலியை முதலில் எடுத்துக்கொள்கிறாரே, அது மரியாதைக்காக மட்டும் இருக்காது. இத்தனை வருடம் வாசித்தவருக்கு எதில் உட்கார்ந்தால் வில் ஓடும் என்று தெரியும். அதனால் முதலில் போய் எடுக்கிறார். அவரிடமே கேட்டுப் பாரேன். "ஐயா, எனக்குக் கையும் முதுகும் வலிக்குது, எதுல உக்காந்தா சரியா இருக்கும்?" என்று. இதில் எங்கே மரியாதைக் குறைவு? நான் நானாவிடம் கேட்டபோது அவருடைய மரியாதையில் ஒரு துளி கூடக் குறையவில்லை, இன்னொருவர் மேல் அது ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவர் இன்றைக்கும் நம் வீட்டுக்கு வந்தால், "தங்கச்சிக்கு மட்டும் நாற்காலி போடாதீங்கப்பா, அவங்களே பாத்துக்குவாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

சித்தப்பா கடை ஒன்றும் தாழ்வில்லை. அங்கே போனாலும் நீ நன்றாக இருப்பாய், எனக்கு அதில் வருத்தம் இல்லை. திருச்சி பக்கம் வேறு, அடிக்கடி வருவாய். ஆனால் மேடையை விடுவதாக இருந்தால், வாசிக்கப் பிடிக்கவில்லை என்பதற்காக விடு. வலிக்கிறது என்பதற்காக விடாதே. இரண்டும் ஒன்று போலவே தோன்றும், எனக்கும் அன்றைக்கு மஃரிப் வரை அப்படித்தான் தோன்றியது. வலியோடு இருக்கும்போது பிடிக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு கச்சேரி, தொடக்கத்திலிருந்து கடைசிப் பாட்டுவரை, கை உன் நினைவுக்கே வராமல் வாசித்துப் பார். முடிந்து எழுந்ததும் உன் மனது என்ன சொல்கிறதோ அதைச் செய். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடு. நானே பஸ் ஏறி வந்து பெட்டி கட்டித் தருகிறேன். கண்டக்டர் அக்கா என்று கூப்பிட்டால் இந்த முறையும் திருத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வாசிக்கிறாய் அல்லவா? கொஞ்சம் முன்னாலேயே போய்விடு. இருக்கிற நாற்காலிகளில் எல்லாம் உட்கார்ந்து, வாசித்துப் பார். பார்க்கிறவர்கள் சிரித்தால் நீயும் சிரி. ஒன்றும் சரியில்லையென்றால், எழுந்து நின்று, வாய்விட்டுக் கேள்.

அன்புடன்,
உன் அம்மா